காலி மனையும் சிமெண்டு மரங்களும்

அமெரிக்காவின் பழைய நகரங்களுள் ஒன்றான பிலடெல்பியாவை 1682-ஆம் ஆண்டில் ஸ்தாபித்த வில்லியம் பென் என்பவர், லண்டன் மாநகரில் 1665-இல் பரவிய பிளேக் நோயையும், அதற்கு மறு ஆண்டு அந்நகரின் பெரும்பகுதியை எரித்துத் தீர்த்த தீயையும் தமது வாலிபப் பிராயத்தில் அறிந்தவராதலால், தாம் அமைக்கப்போகும் புதிய பட்டணத்தில் ஒவ்வொரு வீடும் தன் மனையின் நடுவிலே நின்று, இரு பக்கங்களிலும் தோட்டமும் பழமரங்களும் சூழ விளங்க வேண்டுமென்று விரும்பினார். ஐந்து பொதுச் சதுக்கங்களுக்கு இடம் ஒதுக்கிப் படமும் வரையச் செய்தார். அச்சதுக்கங்களில் நடுவிலிருந்ததின்மேல் பிற்காலத்தில் நகர மண்டபம் ஏறி உட்கார்ந்துகொண்டது; மற்ற நான்கும் இன்றளவும் மர நிழலோடு இருக்கின்றன. வீட்டுத் தோட்டங்கள் என்ற யோசனைதான் நிலைக்கவில்லை. மனை விலை ஏற ஏற, ஒரு மனை நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று. பக்கச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய குறுகலான செங்கல் வீடுகள், மைல் கணக்கில் வரிசை வரிசையாய் எழுந்தன. தோட்டத்துக்கு வேண்டிய வெற்றிடம் அந்நகருக்குத் திரும்பக் கிடைக்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. அது கிடைத்த விதந்தான் விபரீதமானது.

நகரின் வடபகுதி ஒரு காலத்தில் ஆலைகளின் பிரதேசம். நெசவாலைகள், இயந்திர வார்ப்படச் சாலைகள், கம்பளித் தொழிற்சாலைகள் என்று அங்கே இருந்தவற்றுள், குதிரைமேல் திரியும் மேற்குத்திசை மாட்டிடையர்களின் தலையை அலங்கரித்த ஸ்டெட்ஸன் தொப்பிகளைச் செய்த ஆலை மட்டுமே, தன் உச்சநிலையில் சுமார் 5000 பேருக்கு வேலை கொடுத்து வந்தது. தெற்கு மாகாணங்களின் நிறவேற்றுமைக் கொடுமைகளுக்குத் தப்பி, உழைத்துப் பிழைக்கலாமென்று வடக்கே வந்த கறுப்பின மக்கள் பல்லாயிரவர் இப்பகுதியிலேதான் குடியேறினர். அவர்கள் வந்து சேர்ந்த வேளையோ, ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் புறநகரங்களுக்கும் வேறு மாகாணங்களுக்கும் பெயரத் தொடங்கிய வேளை. வெள்ளையர் குடும்பங்களும் வங்கிக் கடனும் ஆலைகளின் பின்னோடு சென்றன. 1964-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் மூண்ட கலவரத்தில் கொலம்பியா அவென்யூ என்ற கடைவீதி சூறையாயிற்று; 1971-இல் ஸ்டெட்ஸன் ஆலையும் மூடப்பட்டது. 1950-இல் 20 லட்சத்து 71 ஆயிரமாக இருந்த பிலடெல்பியாவின் ஜனத்தொகை, 2000-இல் 15 லட்சத்து 17 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வசித்த வீடுகள் போகவில்லை.

வீடு காலியாவதற்கும் மனை காலியாவதற்கும் இடையில் நடப்பது என்னவென்று சற்று நின்று பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் இறந்துவிடுகிறார், அல்லது விற்க வழியில்லாமல் பூட்டிவிட்டுப் போகிறார். வரி பாக்கி விழுகிறது. ஒரு பனிக்காலத்தில் கூரை ஒழுகி, அடுத்த பனிக்காலத்தில் உத்திரம் மக்கி, யாரோ குளிர்காயப் போட்ட நெருப்பு ஒருநாள் மேல்மாடி வரை ஏறுகிறது. நகராட்சி ஆட்களை அனுப்பி இடிக்கிறது. அவ்வீடுகளுக்கெல்லாம் நிலவறை உண்டு. இடித்த செங்கல்லையும் காரையையும் வண்டி வைத்து அப்புறப்படுத்தினால் செலவு அதிகமாகுமென்று, அந்த நிலவறைக்குள்ளேயே தள்ளி, மேலே சிறிது மண்ணைத் தூவி மூடிவிடுவது வழக்கமாயிருந்தது. ஒட்டியிருந்த சுவர் போனபடியால் பக்கத்து வீட்டுக்கும் ஆதாரம் போயிற்று. சில வருஷங்களில் அதன் முறையும் வந்தது. இவ்விதமாக உண்டான காலி மனைகள் பிலடெல்பியாவில் சுமார் 40,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரவு வேளையில் லாரிகள் வந்து பழைய டயர்களையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டிவிட்டுப் போவதும், பகலில் போதைமருந்து வியாபாரம் நடப்பதும், ஆள் உயரக் களை மண்டுவதும் அம்மனைகளின் நித்திய வாழ்க்கை. உரிமையாளர் யார் என்று கேட்டால், ஏட்டில் இருப்பது இருபது வருஷங்களுக்கு முன் இறந்துபோனவரின் பெயர்.

வடக்குப் பிலடெல்பியாவில் ஜெர்மன்டவுன் அவென்யூ என்ற சாலையில், ஆர்தர் ஹால் என்ற கறுப்பின நாட்டியக் கலைஞர் ஆப்பிரிக்க நடனங்களைப் பயிற்றுவிக்கும் நிலையமொன்றை நடத்தி வந்தார். யோருபா மக்களின் புனித நகரமான இலே இஃபேயின் பெயரையே அதற்கு இட்டிருந்தார். அந்நிலையத்தை அடுத்தும் இடிந்த வீடுகள் விட்டுச் சென்ற ஒரு காலி மனை கிடந்தது. 1986-ஆம் ஆண்டில் அவர், நகரத்திலுள்ள கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாயிருந்த லில்லி யே என்ற சீன ஓவியரை அழைத்து, இந்த இடத்தை ஒரு தோட்டமாக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

லில்லி யே அம்மையார் 1941-இல் சீனாவின் குயிசோ மாகாணத்தில் பிறந்து, தைவானில் வளர்ந்து, சீன மரபுப்படி மலையும் நீருமாக இயற்கைக் காட்சிகளைத் தீட்டக் கற்று, 1963-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். காட்சிக்கூடங்களில் தம் படைப்புகளை வைத்துப் பழகியவரே அல்லாமல், மண்வெட்டி பிடித்துப் பழகியவரல்லர். பென்ஸில்வேனியா மாகாணக் கலைக் கழகம் 2500 டாலர் மானியம் கொடுத்தது. அந்தத் தொகைக்கு அந்நாட்டில் ஒரு நல்ல வேலி கூடப் போட முடியாது. விஷயம் தெரிந்தவர்களென்று அவர் அணுகியவர்களோ, பணம் போதாது, நீங்கள் அவ்வூராரும் அல்லர், இனத்தாரும் அல்லர், எதைச் செய்துவைத்தாலும் அங்குள்ள பிள்ளைகள் உடைத்தெறிந்துவிடுவார்கள் என்று புத்தி சொன்னார்கள். அம்மையாருக்கும் பயம் இல்லாமலில்லை. ஓடிவிடலாமா என்று தாம் நினைத்ததைப் பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். இருந்தும் போனார்.

போனவர் முதலில் செய்த காரியம் உதவிக்கு ஆள் தேடியதுதான். மனைக்குப் பக்கத்தில் பாழடைந்த கட்டடத்தில் வாழ்ந்து வந்த ஜோ ஜோ என்பவரை ஆர்தர் ஹால் சுட்டிக்காட்டினார். ஜோ ஜோ அந்த வட்டாரத்து ஜனங்கள் அத்தனை பேரையும் அறிந்தவர். அவர் இருக்கிற இடத்தில் வேலை செய்பவர்மேல் பிறர் கைவைக்கத் துணியமாட்டார்கள். அவர் மண்வெட்டியோடு வந்து நின்றார். பெரியவர்கள் தூர நின்று வேடிக்கை பார்க்க, கோடை விடுமுறையில் போக்கிடம் இல்லாமல் தெருவில் அலைந்த சிறு பிள்ளைகள் முதலில் நெருங்கி வந்தார்கள். வரைபடமோ நிபுணர் அறிக்கையோ அம்மையாரின் கையில் இல்லை. குப்பையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஒரு குச்சியை எடுத்து மனையின் மத்தியிலே வட்டம் ஒன்று கீறினார். இதுதான் நடு, இங்கிருந்து வெளியே போவோம் என்றார். ஒரு கட்டட இஞ்சினியர் எல்லைக் கல்லிலிருந்து அளந்து உள்ளே வருவார். இவர் நடுவிலிருந்து புறப்பட்டு, எல்லை எங்கே என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். உரிமையாளர் யாரென்றே தெரியாத ஓர் இடத்தில் இது எனக்குச் சாமர்த்தியமான முறையாகவே தோன்றுகிறது.

நடுவிலே மரம் வேண்டுமென்று நினைத்தார். ஆனால் நட்ட கன்று மரமாக வருஷங்கள் செல்லும். அந்த மண்ணில் பிழைக்குமென்ற நிச்சயமும் கிடையாது. ஆகவே சிமெண்டிலேயே மரங்கள் எழுந்தன. இரும்புக் கம்பிகளை நட்டு வளைத்து, அவற்றின்மேல் கம்பி வலையைச் சுற்றி, சாந்தைக் கையால் அப்பி அப்பி அடிமரமும் கிளைகளும் உருவாக்கினார்கள். மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடியும் பதிக்கப்பட்டன. மொசைக் என்றதும் நம் வீடுகளில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து தேய்த்துப் பளபளப்பாக்கும் தரை நினைவுக்கு வரக்கூடும்; இது அதுவன்று. பைஸாண்டிய தேவாலயங்களில் உள்ளதுபோல், துண்டு துண்டாக எடுத்துச் சுவரில் ஒட்டி உருவம் சமைக்கும் பழைய கலை.

அந்த வேலையை அருகிலிருந்து பார்க்கும்போது அதன் விசேஷம் புரியும். தள்ளுபடியான டைல்ஸ், விரிசல் விட்ட பீங்கான் தட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் மிச்சம் ஆகியவற்றை ஒரு சாக்கினுள் போட்டுச் சுத்தியால் மெல்லத் தட்டுகிறார்கள். சாக்கு எதற்கென்றால் சில்லு கண்ணில் தெறிக்காமலிருக்க. பிறகு நிறவாரியாகப் பழைய டப்பாக்களில் பிரித்து வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. சாந்தை அடை மாவின் பதத்துக்குக் குழைத்து, அரை மணி நேரத்துக்குள் எவ்வளவு இடத்தை மூட முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் கரண்டியால் பூசுகிறார்கள். அதிகமாகப் பூசிவிட்டால் துண்டு பதியுமுன் மேற்பரப்பு தோல் கட்டிவிடும். துண்டைக் கட்டைவிரலால் அழுத்தும்போது ஓரங்களில் சாந்து சற்றுப் பிதுங்கவேண்டும். பிதுங்காவிட்டால் அடியிலே காற்று நிற்கிறதென்று அர்த்தம். மறுநாள் இடுக்குகளையெல்லாம் மெல்லிய சாந்தால் நிரப்பி, ஈரத் துணியால் துடைக்கும் தருணத்திலேதான், அதுவரை அழுக்காகவும் தாறுமாறாகவும் இருந்த பரப்பிலிருந்து நிறம் வெளிப்படுகிறது. இதற்கு ஓவியத் தேர்ச்சி அவசியமில்லை. நேர்கோடு வரையத் தெரியாதவனும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டு, ஒரு சாண் சுவரைத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே வர்ணப் பூச்சோடு நில்லாமல் மொசைக்கைத் தேர்ந்தெடுத்ததன் அனுகூலம் இதுதான்: பூச்சை ஒருவர் தனியாக முடித்துவிட்டுப் போய்விட முடியும், மொசைக் ஆள்பலத்தைத் தின்னும் வேலை, ஆகையால் ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படி இழுபட்டு வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மாக்ஸ்டன். ஆஜானுபாகுவாக இருந்தபடியால் ஊரார் இட்ட பெயர் பிக் மேன். பல ஆண்டுகள் போதைமருந்துக்கு அடிமையாயிருந்து, குடும்பமும் மரியாதையும் இழந்த நிலையில் வந்து சேர்ந்த அவர், அம்மையாரிடம் மொசைக் கற்றார். கற்றவர் நாளடைவில் அக்கலையில் தேர்ந்து, பிறருக்குக் கற்பிப்பவராகவும், இம்முயற்சியின் அன்றாட நிர்வாகத்தில் ஒரு தூணாகவும் விளங்கினார். எத்தியோப்பியக் கிறிஸ்தவ ஓவியங்களை மாதிரியாகக் கொண்டு, அகன்ற விழிகளும் விரிந்த சிறகுகளுமாகக் காவல் தேவதைகளின் வரிசையை ஒரு சந்தின் சுவரில் பதித்தார்கள். ஏஞ்சல் ஆலி என்று வழங்கும் அச்சந்து, மாக்ஸ்டனின் கைவேலை. இம்மாதிரி மனமாற்றக் கதைகளைப் பத்திரிகைகள் விரும்புவது இயல்பு. ஆனால் கலை அவரைத் தொட்டது, அவர் திருந்திவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமாகாது. காலையில் எழுந்து போவதற்கு ஓரிடம், அங்கே தமக்காகக் காத்திருக்கும் வேலை, அதற்குக் கூலி, தவறினால் கேட்பதற்கு ஆள் என்ற நான்கும் சேர்ந்து செய்த காரியம் அது.

1989-இல் இம்முயற்சி, வில்லேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிடீஸ் என்ற பெயரில் முறைப்படி பதிவான ஸ்தாபனமாயிற்று. ஆர்தர் ஹால் அவ்வூரை விட்டுச் சென்றபின் அவருடைய கட்டடமே இதற்கு இருப்பிடமாயிற்று. ஒரு மனையிலிருந்து அடுத்த மனைக்கும், அங்கிருந்து அடுத்த தெருவுக்குமாகப் பரவி, பூங்காக்கள், மொசைக் சுவர்கள், மரக்கன்றுப் பண்ணை, காய்கறிப் பாத்திகள், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு நடனமும் நாடகமும் சொல்லித்தரும் வகுப்புகள், புதுப்பித்த வீடுகள் என்று வளர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட காலி மனைகள் இவ்விதம் உருமாறின. 2001-இல் நகர அமைப்புத் துறையில் பெருமதிப்பு வாய்ந்த ரூடி புரூனர் பரிசின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. அம்மையார் 2004-இல் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, இனப்படுகொலையில் மாண்டோருக்கு நினைவிடம் அமைக்க ருவாண்டாவுக்குச் சென்றார். ஸ்தாபனம் தொடர்ந்து நடைபெறுகிறது.

இனி மேலே தெரிவதை விட்டு, மண்ணுக்கு அடியில் இருப்பதையும் சொல்லவேண்டும்; ஏனெனில் காலி மனையைத் தோட்டமாக்கப் புறப்படுகிற எவரும் முதலில் மோதிக்கொள்வது அதனோடுதான். நிலவறைக்குள் தள்ளிய செங்கல்லும் உத்திரமும் உள்ளே நெருக்கமாய் அமர்வதில்லை. மழைநீர் இறங்க இறங்க, மரக்கட்டை மக்க மக்க, மேல்மண் திடீரென்று பள்ளம் விழுகிறது. கனத்த சிற்பத்தையோ சுவரையோ அங்கே எழுப்பினால் விரிசல் காணும். இதைவிட மோசமானது ஈயம். வீடுகளுக்கு ஈயம் கலந்த வர்ணம் பூசுவதை அமெரிக்க அரசாங்கம் 1978-இல்தான் தடுத்தது. இடிந்த வீட்டின் பூச்சுப் பொடியெல்லாம் அதே மனையின் மண்ணில் கலந்து கிடக்கிறது. அத்துடன் நெடுங்காலம் மோட்டார் வண்டிகள் கக்கிய ஈயப் புகையும் படிந்திருக்கிறது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இந்த உலோகம் மண்ணில் மக்குவதுமில்லை, மழையோடு எளிதில் கரைந்து போவதுமில்லை. ஆகவே மண்ணைச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பது முதற்படி. அதன்பின் வழக்கமாகச் செய்வது, தரைமேல் கனத்த துணியை விரித்து, மரச்சட்டங்களால் தொட்டி போன்ற உயர்ந்த பாத்திகள் கட்டி, வெளியிலிருந்து நல்ல மண்ணும் மக்கிய எருவும் கொண்டுவந்து நிரப்புவது. கீரையும் கிழங்கும் அப்பாத்திகளில்தான் வளரலாம். தரையோடு தரையாகப் புல்லோ பூச்செடியோ மூடியிருக்குமானால் தூசி பறப்பது அடங்கும். சிற்பமும் மொசைக்கும் கல் பாவிய முற்றமும் இங்கே வெறும் அலங்காரமாக மட்டும் இருப்பதில்லை. நஞ்சு கலந்த மண்ணைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் மூடிவைக்கும் மூடியாகவும் அவை உதவுகின்றன.

இவ்வளவு பாடுபட்டதற்கு ஜனங்களின் வாழ்வில் பலன் உண்டா என்ற கேள்வி நெடுநாள் கேள்வியாகவே இருந்தது. பூங்கா வந்தபின் தெரு அமைதியாயிற்று என்று அங்கு வாழ்வோர் கூறினால், அமைதி வந்தது வேறு காரணத்தால் இருக்கலாமே என்று சந்தேகிகள் பதில் சொன்னார்கள். இதைத் தீர்க்க, பிலடெல்பியாவிலேயே 541 காலி மனைகளைத் தேர்ந்து, மருந்துகளைச் சோதிப்பதுபோல் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, இடுப்பளவுகூட இல்லாத மரவேலியொன்று போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாவதை இருந்தபடியே விட்டார்கள். சார்லஸ் பிரானாஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வறுமை மிகுந்த வட்டாரங்களில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கிக் குற்றங்கள் 29 சதவிகிதம் குறைந்தன. மனைகளின் அருகில் வாழ்ந்த 342 பேரிடம் மனநிலை பற்றி விசாரித்ததில், புல்லும் மரமும் வந்த இடங்களில் சோர்வுணர்ச்சி இருப்பதாகச் சொன்னவர்கள் 41 சதவிகிதத்துக்கு மேல் குறைந்திருந்தார்கள். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களிலோ மனநிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. ஒரு மனைக்கு ஆன செலவு சுமார் 1600 டாலர்தான்.

இந்தப் புள்ளிவிவரங்களைப் படிக்கிற சிக்கன புத்தியுள்ள ஓர் அதிகாரி, வெறும் புல்லும் வேலியும் போதுமென்றால் சிற்பமும் தேவதையும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பரிசோதனை புல்லைப் பற்றியதே தவிர கலையைப் பற்றியதன்று. மொசைக் பதித்தால் குற்றம் இத்தனை சதவிகிதம் குறையுமென்று யாரும் அளந்து காட்டிவிடவில்லை. என் அபிப்பிராயத்தில் இரண்டும் வெவ்வேறு காரியங்களைச் செய்கின்றன. புல் தரையும் வேலியும், இவ்விடத்தை யாரோ கவனிக்கிறார்கள் என்று வழிப்போக்கனுக்குச் சொல்கின்றன. அந்த யாரோ ஒருவர், நகராட்சியின் ஒப்பந்தக்காரராக இருந்தாலும் போதும். மொசைக் சுவரோ, கவனிப்பவர் இன்னார் என்று பெயரும் முகமும் காட்டுகிறது. சுவரில் அந்த நீலத் துண்டை வைத்தவள் மூன்றாம் வீட்டுப் பாட்டி. பக்கத்து மஞ்சளை வைத்தவன் அவள் பேரன். பத்திரமும் பட்டாவும் இல்லாத ஜனங்கள் ஒரு நிலத்தின்மேல் எழுதிக்கொள்ளக்கூடிய சாசனம் அதைவிட வேறில்லை.

ஆனால் நீதிமன்றத்தில் அந்தச் சாசனம் செல்லுமா என்றால், செல்லாது. லில்லி யே அம்மையார் தம் வட்டத்தைக் கீறிய அதே 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூயார்க் நகரில் எல்ட்ரிட்ஜ் தெருவில் வேறொரு வட்டத் தோட்டத்தைப் புல்டோசர் அழித்தது. ஆடம் பர்ப்பிள் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு விசித்திரமான மனிதர், இடிந்த குடியிருப்புகளின் செங்கற்களுக்கிடையே, சென்ட்ரல் பார்க்கில் வண்டிக் குதிரைகள் இட்ட சாணத்தைச் சைக்கிளில் சுமந்துவந்து உரமிட்டு, நடுவிலே சீனரின் யின் யாங் சின்னத்தையும் அதைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் பாத்திகளையும் அமைத்து, பத்தாண்டுக் காலம் வளர்த்த தோட்டம் அது. ஈடன் தோட்டம் என்று பெயர். சிறிது நேரத்தில் போய்விட்டது. அந்த நிலத்தில் நகராட்சி எழுப்பியது ஏழைகளுக்கான குடியிருப்பு என்பதையும் சொல்லாமல் விட்டால், ஒருபக்கத் தீர்ப்பு வழங்கியவனாவேன். வீடில்லாதவனுக்கு வீடா, ஊராருக்குத் தோட்டமா என்ற வழக்கில் இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

அதே நியூயார்க்கில் 1999-இல் மேயர் ஜூலியானி, ஊரார் வளர்த்துவந்த 114 தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது அவ்வளவு நியாயம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஏலத்துக்கு முன்பாக இரண்டு தர்ம ஸ்தாபனங்கள் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தனையையும் வாங்கிக் காப்பாற்றின. அவற்றுள் ஒன்று, சினிமா நட்சத்திரமும் பாடகியுமான பெட் மிட்லர் தொடங்கியது. பிலடெல்பியாவின் தென்பகுதியில் ஐசையா ஸாகர் என்ற மொசைக் கலைஞர், தம் பட்டறைக்கு அருகில் கேட்பாரற்றுக் கிடந்த மனைகளில் 1994 முதல் சைக்கிள் சக்கரங்களும் புட்டிகளும் கண்ணாடித் துண்டுகளுமாகச் சுரங்கங்களும் சுவர்களும் எழுப்பிக்கொண்டிருந்தார். 2002-இல் பாஸ்டனிலிருந்த மனைக்காரருக்குத் தமக்கு அப்படியொரு சொத்து இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கலை வேலையினாலும் அத்தெருவின் மதிப்பு உயர்ந்திருக்க, மூன்று லட்சம் டாலர் விலை சொன்னார். ஊரார் பணம் திரட்டி வாங்கி, 2008-இல் மாஜிக் கார்டன்ஸ் என்று பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்கள். இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடங்களில் அது ஒன்று.

தோட்டம் அழகாக அழகாக மனையின் விலை ஏறும். விலை ஏற ஏறத் தோட்டத்துக்கு ஆபத்து வரும். இந்தச் சிக்கலை அறிந்தவர்கள், செடிக்கு முன்பாகப் பத்திரத்தைக் கவனிக்கவேண்டுமென்று சொல்லத் தொடங்கினார்கள். தோட்ட மனைகளை வாங்கி, விற்க முடியாதபடி நிரந்தரமாக வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தர்மகர்த்தா ஸ்தாபனம் பிலடெல்பியாவில் 1986-இலேயே தோன்றிவிட்டது. இப்போது நெய்பர்ஹுட் கார்டன்ஸ் டிரஸ்ட் என்று பெயர். நகர சபையும் 2013 டிசம்பரில் நில வங்கி ஒன்றை நிறுவச் சட்டம் செய்தது. பல இலாகாக்களின் கையில் சிதறிக் கிடக்கும் மனைகளையும், வரி பாக்கிக்காகக் கைப்பற்றுபவற்றையும் ஒரே இடத்தில் திரட்டி, உபயோகிப்போருக்கு மாற்றித்தருவது அதன் நோக்கம். காரியங்கள் மெதுவாகவே நகர்கின்றன என்பது தோட்டக்காரர்களின் ஓயாத புகார்.

பத்திரம் கைக்கு வந்த பிறகும் ஒரு பகை பாக்கியிருக்கிறது. பிலடெல்பியாவில் பனிக்காலம் கடுமை. மெருகிட்ட பரப்பின் அடியில் டைல்ஸின் உடல் நுண்துளைகள் நிறைந்தது. விளிம்பு விரிசலில் புகுந்த நீர் இரவில் உறைந்து பருத்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, சில ஆண்டுகளில் துண்டைச் சுவரிலிருந்து நெம்பித் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் உதிர்ந்ததைத் திரும்பப் பதித்தால் சுவர் நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டால் உள்ளேயிருக்கும் கம்பியில் துரு ஏறி, சாந்து பாளம் பாளமாய்க் கழன்றுவிடும். புதிதாக ஒன்று கட்டுவதற்கு மானியம் தருவோர் உண்டு; திறப்பு விழாவும், படமெடுத்தலும் உண்டு. பழையதன் விரிசலை அடைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் விண்ணப்பப் படிவத்தில் அதற்குரிய கட்டமே இருப்பதில்லை. புல் மனைகளுக்காவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இருமுறை ஆள் வந்து புல் வெட்டவும் குப்பை பொறுக்கவும் நகரத்தின் பணத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த வேலையில் அதே வட்டாரத்துச் சிறு காண்டிராக்டர்கள் பலர் பிழைக்கிறார்கள். மொசைக் சுவருக்கும் சிமெண்டு மரத்துக்கும் அதைப்போல ஓர் ஏற்பாடு வேண்டும். ஓட்டுத் துண்டும் சாந்தும் அறிந்த ஒருவரை, வருஷம் முழுவதும் அதற்கென்றே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவேண்டும்.